செவிலி கூற்று

எங்க நைனா 2010ஆம் வருசம் ஆவணியில் செத்தார். அவர் சாவைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. சாவதற்கு முந்தின பதினோரு நாளைப் பற்றி எழுதவேண்டும். அந்தப் பதினோரு நாளும் ஒரு நர்ஸ், கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துவைத்த நேரங்களைப் பற்றி எழுதவேண்டும். அந்தக் குறிப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நைனாவுக்கு வாயில் புற்று. வெத்தல பொகையில அடக்கிக்கிட்டே கரும்பு வெட்டின ஆள். அது இல்லாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது என்பது வெட்டினவங்களுக்குத் தெரியும். கன்னத்தில் புண் வந்து, உள்ளே தின்று, வெளியே ஓட்டை விழுந்துவிட்டது. சென்னையில் கரண்டு வைத்தார்கள். அப்புறம், இனி ஒண்ணும் செய்வதற்கில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். காலனியில் எங்கள் வீடு ஒரே அறை. ராத்திரி அவர் போடுகிற சத்தத்தில் தெருவே முழித்துக்கிடந்தது. பொறுக்கமுடியாமல் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை.

கக்கூசுக்குப் பக்கத்துக் கட்டில். புண் நாற்றம் தாங்காமல் அடுத்த கட்டில்காரர்கள் இடம் மாறிக்கொண்டார்கள். காலையில் டாக்டர் வருவார், பத்து பேர் கூட வருவார்கள், கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்று தாளைப் பார்ப்பார், போவார். எட்டு மணி நேரத்துக்கு ஒரு டைக்ளோபினாக் ஊசி எழுதியிருந்தார். ராத்திரி டூட்டி சிஸ்டர் ஒருத்தர், நாற்பது வயசு இருக்கும், நைனா கட்டிலுக்கு வரும்போதெல்லாம் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து ஏதோ குறிப்பார். ஒருநாள் எட்டிப்பார்த்தேன். ஒரு மணி பத்து, வலி. இரண்டு நாற்பது, வலி, அழுகை. நாலு மணி, ஊசி. ஐந்தரை, தூக்கம். ஏழே கால், வலி.

மறுநாள் காலை அந்தத் தாளைத் திருப்பி டாக்டரிடம் காட்டினார். "ஊசி மூணு மணி நேரந்தான் நிக்குது சார். மீதி அஞ்சு மணி நேரம் துடிக்கிறாரு" என்றார். டாக்டர் தாளைத் திருப்பி முன்பக்கமாக வைத்தார். "எழுதினதைக் குடுங்க சிஸ்டர். கணக்கு எழுதற வேல உங்களுக்கு வேணாம்." அவ்வளவுதான். கத்தவில்லை, திட்டவில்லை. பத்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி சிஸ்டர் என்னிடம் சொன்னார்: "மார்பின்னு ஒரு மருந்து இருக்கு பாப்பா. வாயிலயே குடுக்கலாம். இந்த ஆஸ்பத்திரியில கெடையாது. இருந்தாலும் எழுத எனக்கு உரிமை கெடையாது."

நான் அப்போது எம்.ஏ. தமிழ் முதல் வருசம். அகத்திணையில் யார் யாருக்குப் பேச்சு உண்டு என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். களவொழுக்கத்தில் கூற்றுக்கு உரியவர்கள் ஆறு பேர் என்று தொல்காப்பியம் பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலில் பார்ப்பானும் இருக்கிறான், செவிலியும் இருக்கிறாள். பெண் உடன்போக்கில் போய்விட்டால் பாலையில் வெயிலில் தேடிக்கொண்டு நடக்கிறவளும் பெரும்பாலும் பெற்ற தாய் அல்ல, வளர்த்த செவிலிதான். நர்சுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்தவர்கள் இந்தச் செவிலியைத்தான் எடுத்து அரசாங்க உத்தரவில் போட்டார்கள். பெயரை எடுத்தார்கள், கூற்றை விட்டுவிட்டார்கள். சங்கச் செவிலியை நான் கொண்டாட வரவில்லை. அடுத்தவர் பிள்ளைக்கு உழைத்துக் காலம் தள்ளினவள் அவள். ஆனால் அவளுக்குப் பேச்சு இருந்தது. வார்டில் நின்ற செவிலிக்கு அதுவும் இல்லை.

இதை வெறும் ஆஸ்பத்திரி அதிகாரப் பிரச்சினை என்று பேசிவிட்டுப் போகலாம். டாக்டர் மேலே, நர்ஸ் கீழே, உலகம் பூராவும் அப்படித்தானே என்பார்கள். உலகம் பூராவும் இருக்கிறதுதான். ஆனால் இங்கே இருக்கிறது வேறு மாதிரி. வெள்ளைக்காரன் போகிற நேரத்தில் போர் கமிட்டி என்று ஒன்று போட்டார்கள். 1946இல் அதன் அறிக்கை வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் டாக்டர்கள் சுமார் 47,500 பேர், நர்சுகள் சுமார் 7,000 பேர் என்று அது எண்ணிச் சொன்னது. ஒரு நர்சுக்கு ஏழு டாக்டர்! ஒரு டாக்டருக்குப் பல நர்சுகள் இருப்பதுதான் உலக வழக்கம். இங்கே தலைகீழ். ஏன் என்று அறிக்கைக்குள் தேடவேண்டியதில்லை, நம் தெருவிலேயே பதில் கிடைக்கும். டாக்டராவதென்றால் படிப்பு, மரியாதை, தொடாமலேயே கூட வைத்தியம் பார்க்கலாம். நர்ஸ் என்றால் மலம், மூத்திரம், சீழ், ரத்தம், பிணம். அந்நிய ஆம்பளையின் உடம்பைத் தொடுவது. மேல்சாதி வீட்டுப் பெண்ணை அனுப்புவார்களா? அதனால் ஆரம்பத்தில் இந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பகுதி கிறிஸ்தவப் பெண்கள். அதிலும் மதம் மாறின நம்ம சனங்க நிறைய. தொட்டால் தீட்டு என்று யாரை ஒதுக்கினார்களோ அவர்களிடமே சாகக் கிடந்த உடம்பைத் தொடுகிற வேலையைக் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் சாவித்திரிபாய் புலேயைச் சொல்லாமல் போகமுடியாது. பள்ளிக்கூடம் திறந்தவர் என்றுதான் நமக்குத் தெரியும். 1897இல் புனேயைப் பிளேக் தாக்கியபோது அவரும் மகன் யஷ்வந்தும் ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கு இடம் அமைத்தார்கள். முந்த்வாவில் மகார் குடியிருப்பில் பிளேக் கண்ட ஒரு பையனைத் தன் முதுகில் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார். பையன் பிழைத்தான். பிளேக் இவரைப் பிடித்துக்கொண்டது. அந்த வருசம் மார்ச் 10இல் இறந்தார். நர்சுகளின் வரலாற்றைக் கையில் விளக்குப் பிடித்த வெள்ளைக்காரச் சீமாட்டியிலிருந்தே தொடங்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நாம் அந்த முதுகிலிருந்து தொடங்கலாம்.

ஆனால் வலி தணிக்கிற மருத்துவத்தின் வரலாறு லண்டன் வழியாகத்தான் வருகிறது, அதை மறைக்கமுடியாது. சிசிலி சாண்டர்ஸ் 1918இல் பிறந்தவர், வசதியான வீட்டுப் பெண். யுத்த காலத்தில், 1940இல், செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குப் போனார். முதுகுவலியால் அந்த வேலையைத் தொடரமுடியவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பக் கஷ்டத்தைக் கவனிக்கிற சமூகப் பணியாளராக மாறினார். அப்போதுதான் டேவிட் டாஸ்மா என்கிற ஆளைச் சந்திக்கிறார். வார்சாவிலிருந்து வந்த யூத அகதி, நாற்பது வயசு, சொந்தம் என்று சொல்ல லண்டனில் யாரும் இல்லை, புற்றுநோயில் செத்துக்கொண்டிருந்தார். இருவரும் நிறைய பேசினார்கள். சாகிறவர்களுக்கென்று தனியாக ஓர் இடம் எப்படி இருக்கவேண்டும் என்று பேசினார்கள். 1948இல் செத்தபோது அவர் விட்டுப்போனது 500 பவுண்டு. அந்த இடம் கட்டப்படும்போது அதில் ஒரு ஜன்னலாக இருக்கட்டும் என்று கொடுத்தது. ஊர் இல்லாத, சாதிசனம் இல்லாத, நாடோடி யூதன் ஒருத்தன் போட்ட முதல் பணத்தில்தான் அந்த இயக்கம் தொடங்கியது என்பது எனக்குப் பிடித்த விசயம்.

அதைவிட முக்கியமான விசயம் வேறு. அந்தக் காலத்தில் சாண்டர்ஸ் சாயந்திரம் சாயந்திரம் செயின்ட் லூக்ஸ் என்கிற இடத்தில் சம்பளமில்லாமல் நர்ஸ் வேலை பார்த்தார். ஏழைகள் சாகிற இடம் அது, 1893இலிருந்து நடந்துவந்தது. அங்கே நர்சுகள் வலி மருந்தை நேரப்படி கொடுத்துவந்தார்கள். நோயாளி கேட்கும்வரை காத்திருப்பதில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, முந்தின மருந்தின் வேகம் தீர்வதற்குள், அடுத்தது வந்துவிடும். மற்ற ஆஸ்பத்திரிகளில் நிலைமை என்ன? வலி வரவேண்டும், நோயாளி கூப்பிடவேண்டும், கெஞ்சவேண்டும், நர்ஸ் போய் டாக்டரைக் கேட்கவேண்டும், அவர் பழக்கமாகிவிடும் என்று பயந்து தள்ளிப்போடுவார், கடைசியில் ஊசி வரும். அதற்குள் வலி ஏறிவிட்டிருக்கும், அதை இறக்குவதற்கு அதிக மருந்து வேண்டும். அந்த மருந்தில் ஆள் மயங்கிக் கிடப்பான். முழித்தால் மறுபடி வலி.

இதைப் படித்தபோது எனக்கு ஆண்டை வீட்டு வாசல்தான் ஞாபகம் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்று, 'சாமி' என்று கூப்பிட்டு, அவன் எப்போ மனசு வைக்கிறானோ அப்போ படி நெல்லு. அதற்கும் சனிக்கிழமை சாயந்திரமானால் எண்ணி வாங்குகிற கூலிக்கும் என்ன வித்தியாசமோ, அந்த வித்தியாசம்தான் கேட்டால் கொடுக்கிற மருந்துக்கும் மணிக்குக் கொடுக்கிற மருந்துக்கும் இருக்கிறது. நேரப்படி மருந்து வந்தால் நோயாளி யாரையும் கெஞ்சவேண்டியதில்லை. இந்த அறிவு மருத்துவக் கல்லூரிப் பாடத்திலிருந்து வரவில்லை. ராத்திரியெல்லாம் கட்டிலோரம் இருந்தவர்களின் அறிவு அது.

சரி, அதை ஊர் கேட்டதா? அதுதான் கதை. நான் நர்சாகவே இதைச் செய்கிறேன் என்று சாண்டர்ஸ் சொன்னபோது அவருடன் வேலைபார்த்த சர்ஜன் தடுத்தார். டாக்டராகிவிட்டு வா, இல்லாவிட்டால் ஒருத்தரும் காதுகொடுக்கமாட்டார்கள் என்றார். நல்ல மனசோடு சொன்ன புத்திமதிதான். முப்பது வயசுக்கு மேல் மறுபடி படித்து 1957இல் டாக்டரானார். 1958இல் ஹாக்னியில் செயின்ட் ஜோசப்ஸ் என்கிற இடத்துக்குப் போனார். கன்னியாஸ்திரிகள் நடத்தியது. செயின்ட் லூக்சில் நர்சுகளிடம் பார்த்ததை இங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஆயிரம் பேருக்கு மேல் நோயாளிகளின் வலியை எழுதிவைத்தார். எந்த நேரம் என்ன கொடுத்தோம், என்ன ஆனது, ஆள் என்ன சொன்னான். அந்தக் கணக்கைக் காட்டித்தான், மார்பினைச் சரியாகக் கொடுத்தால் நோயாளி போதைக்கு அடிமையாவதில்லை, உட்கார்ந்து பேசுகிறான், சாப்பிடுகிறான் என்று நிரூபித்தார். 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் திறந்தது. உடம்பு வலி மட்டும் வலி இல்லை, கடன், பிள்ளைகள், பயம், தனிமை எல்லாம் சேர்ந்துதான் வலி என்று அவர் சொன்னது இன்றைக்கு மருத்துவப் பாடத்தில் இருக்கிறது. நர்ஸ், சமூகப் பணியாளர், டாக்டர் என்று மூன்று வேலையும் பார்த்த ஒருத்தருக்குத்தான் அது தோன்றியிருக்கும்.

அவரை எல்லாரும் 'டாக்டர்' என்று கொண்டாடுகிறார்கள், சரிதான். ஆனால் ஒரு நர்ஸ் கண்டுபிடித்த உண்மையை உலகம் நம்புவதற்கு அவள் நர்ஸ் தொப்பியைக் கழற்றி எறிய வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். நம்மில் படித்து மேலே வந்தவர்களுக்கு இது புரியும். சேரியில் சொன்னபோது காதில் விழாத அதே பேச்சு, பட்டம் வாங்கிக்கொண்டு சொன்னால் விழுகிறது.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக நர்சிங் பள்ளியின் டீனாக இருந்தவர் ஃப்ளாரன்ஸ் வால்ட். 1963இல் சாண்டர்ஸ் அங்கே வந்து பேசியதைக் கேட்டார். கேட்டுவிட்டு டீன் பதவியையே விட்டார். லண்டன் போய்க் கற்றார். 1974இல் கனெக்டிகட்டில் அந்த நாட்டின் முதல் ஹாஸ்பிஸ் இவர் முயற்சியில் தொடங்கியது, முதலில் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதாக. இவர் டாக்டராகவில்லை, கடைசிவரை நர்சாகவே இருந்து செய்தார். வயதான காலத்தில் ஜெயில்களுக்குப் போனார். சாகக்கிடக்கிற கைதிகளைப் பார்த்துக்கொள்ளச் சக கைதிகளுக்கே பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். கழிவாகத் தள்ளப்பட்டவன் கையில் இன்னொருத்தன் சாவைப் பொறுப்பாக ஒப்படைத்தது சின்ன விசயம் இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசாங்க லைசென்சோடு அபின் பயிராகிறது. நீமுச்சிலும் காசிப்பூரிலும் அரசாங்க ஆலைகள். உலகத்துக்கு மருந்து அபின் ஏற்றுமதி செய்த நாடு இது. இங்கே 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. ஒரு ஆஸ்பத்திரி மார்பின் வாங்கவேண்டுமென்றால் வெவ்வேறு இலாகாக்களில் பல லைசென்ஸ் வாங்கவேண்டும். ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். தவறினால் ஜெயில். யார் வாங்குவார்கள்? மார்பின் உபயோகம் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விழுந்து, 1997இல் நாடு முழுவதற்கும் 18 கிலோ என்று ஆனது. 1986இலேயே உலக சுகாதார நிறுவனம், புற்றுநோய் வலிக்கு வாய்வழியாக, நேரப்படி, படிப்படியாக மருந்து கொடுக்கவேண்டும், கடைசிப்படி மார்பின் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. விளைவிக்கிறவன் நாடு, துடிக்கிறவன் நாடு, இரண்டும் ஒரே நாடு. நெல் விளைவித்தவன் பட்டினி கிடந்தது நமக்குப் புதுசா?

இந்த நாட்டில் அந்தக் கதவைத் தட்டினவர்களில் ஒருத்தர் ஒரு நர்ஸ். கில்லி பர்ன் என்கிற இங்கிலாந்துக்காரி. 1990இல் கேன்சர் ரிலீஃப் இந்தியா என்ற அமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய், வலியைத் தணிக்கமுடியும் என்று டாக்டர்களிடமும் நர்சுகளிடமும் பேசினார், பயிற்சிக்கு வழிசெய்தார். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் இன்னும் சிலரும் சேர்ந்து வலி தணிப்புக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் பிறகு கேரளத்தில் நடந்தது உலகம் அறிந்த விசயம். 2008இல் மாநில அரசே கொள்கை வகுத்தது. பஞ்சாயத்துகளில் இதற்கென்று ஒரு நர்ஸ் இருக்கிறார். புண்ணைக் கழுவுவது, குழாய் மாற்றுவது, வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது, யாரை டாக்டர் பார்க்கவேண்டும் என்று முடிவுசெய்வது எல்லாம் அவர்தான். டாக்டர்கள் பெயரை எல்லாக் கட்டுரையிலும் படிக்கலாம். பஞ்சாயத்து நர்சின் பெயரை அந்தப் பஞ்சாயத்தில்தான் கேட்கமுடியும்.

2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பல லைசென்ஸ் போய், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் என்கிற ஒரே முறை வந்தது. நைனா செத்து நாலு வருசம் கழித்து. ஆனால் திருத்தின சட்டத்திலும் எழுதுகிற கை டாக்டர் கைதான்.

எழுதுகிற கையை மாற்றின நாடு ஒன்று உண்டு. உகாண்டா. இதை எங்கேயோ ஒரு பத்திரிகையில் வாசித்தபோது எழுந்து உட்கார்ந்தேன். 1993இல், எய்ட்ஸ் ஊர் ஊராகக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், ஆன் மெரிமன் என்கிற டாக்டர் கம்பாலாவில் ஹாஸ்பிஸ் ஆப்பிரிக்கா தொடங்கினார். ஒரு காலத்தில் கன்னியாஸ்திரியாக இருந்தவர். கையில் நிறைய பணம் இல்லை. வருவதற்கு முன்பே அரசாங்கத்திடம் அவர் கேட்டுக்கொண்டது, மார்பின் பொடியை வரவழைக்க அனுமதி வேண்டும் என்பது. மாத்திரையாகச் செய்து விற்கிறவன் கேட்கிற விலை ஏழை நாட்டுக்குக் கட்டாது. பொடியைத் தண்ணீரில் கரைத்தால் போதும். வீரியம் தெரிவதற்குச் சாயம் சேர்ப்பார்கள், ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிறம், எழுத்துத் தெரியாதவர்களும் கண்டுபிடிக்கலாம். குடிதண்ணீர் விற்ற பழைய பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார்கள். அரசாங்கம் மருந்தை இலவசமாக்கியது.

மருந்து வந்துவிட்டது, எழுத டாக்டர் எங்கே? கிராமத்துப் பக்கம் டாக்டரையே பார்க்காமல் வாழ்ந்து செத்துப்போகிறவர்கள் ஏராளம். நர்ஸ் இருக்கிறார். அந்த நாட்டின் முதல் வலி தணிப்பு நர்ஸ் என்று அறியப்பட்ட ரோஸ் கிவானுகா போன்றவர்கள் தொடக்கத்திலிருந்தே நோயாளிகளோடு இருந்தவர்கள். பிற்பாடு உகாண்டாவின் வலி தணிப்புச் சங்கத்துக்கே அவர் தலைமை ஏற்றார். 2004இல் சட்டவிதியை மாற்றினார்கள். ஒன்பது மாதம் சிறப்புப் பயிற்சி முடித்த நர்சும், கிளினிக்கல் ஆபீசர் என்கிற இடைநிலை மருத்துவப் பணியாளரும் மார்பின் எழுதலாம். நர்சுக்கு இந்த உரிமையைச் சட்டமாகவே கொடுத்தது கம்பாலா.

நர்ஸ் கையில் போதை மருந்தைக் கொடுப்பதா, திருட்டுப்போகாதா, உயிர்ச்சேதம் ஆகாதா என்று அங்கேயும் கேட்டிருப்பார்கள். இங்கே நர்ஸ்தான் மார்பினை அளக்கிறார், கொடுக்கிறார், பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார், மலச்சிக்கல் வராமல் கூடவே பேதிமருந்து தரவேண்டும் என்று ஞாபகம் வைத்திருக்கிறார், மூச்சை எண்ணுகிறார். ஏதாவது தப்பு நடந்தால் முதலில் சஸ்பெண்டு ஆகிறவரும் அவர்தான். எல்லாப் பொறுப்பும் உண்டு, எழுதுகிற அதிகாரம் மட்டும் இல்லை. இருபது வருசத்துக்கு மேல் உகாண்டாவில் அந்தச் சட்டம் நடப்பில் இருக்கிறது.

கம்பாலாவில் முலாகோ என்று நாட்டின் மிகப்பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி. ஒருமுறை கட்டில் கட்டிலாகக் கணக்கெடுத்தபோது உள்ளே இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு உயிரைக் கொண்டுபோகக்கூடிய நோய். தனியாக ஒரு வலி தணிப்புப் பிரிவு வைத்து அத்தனை பேரையும் பார்க்கமுடியுமா? முடியாது. அதனால் வார்டுகளில் ஏற்கனவே வேலைபார்க்கிற நர்சுகளையே எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இணைப்பு நர்ஸ் என்று பெயர். அவர் தன் வார்டிலேயே இருப்பார். யாருக்கு வலி என்று கேட்டுக் குறிப்பார், தன்னால் முடிந்ததைச் செய்வார், முடியாததற்குப் பிரிவைக் கூப்பிடுவார், கூட இருக்கிற நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். அந்த மாதிரிக் கல்லூரிகளும் ஆஸ்பத்திரிகளும் நர்சுகளைத் தலைமைக்குத் தயார் செய்வதையே ஒரு பயிற்சியாக நடத்தத் தொடங்கின. எங்க சிஸ்டர் கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒளித்துச் செய்தாரே, அதே வேலை. அங்கே முன்பக்கத்தில் செய்கிறார்கள்.

தமிழ்நாட்டு நர்சுகள் தலைமை ஏற்பார்களா என்று கேட்கிறவர்கள் 2017 நவம்பரைப் பார்க்கட்டும். தேர்வாணையம் வழியாகத் தேர்வு எழுதி வந்த நர்சுகள், மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில். இரண்டு வருசத்தில் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் உண்டு. கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் திண்டாடினார்கள். ஒப்பந்தத்தில் இருக்கிற பெண், நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத பெண், டாக்டரிடம் போய் 'ஊசி மூணு மணி நேரந்தான் நிக்குது சார்' என்று சொல்வாளா? வேலை நிரந்தரம் என்பது வெறும் சம்பளப் பிரச்சினை இல்லை, நோயாளியின் வலியும் அதில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. வட்டாரத்துக்கு ஒரு வலி தணிப்பு நர்ஸ் வீடு தேடி வருவது அதில் ஒரு பகுதி. நல்ல விசயம், நம்ம காலனி வரைக்கும் வருகிறார்கள். மார்பின் எழுத அவர்களுக்கும் உரிமை இல்லை.

இவ்வளவு எழுதியபிறகு ஒன்றைச் சொல்லியாகவேண்டும். நர்சுக்குக் கீழே ஆள் இல்லை என்பது போல எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். எங்க சின்னம்மா அதே ஆஸ்பத்திரியில் ஆயா. பொம்பளை வார்டில் வேலை. பெட்பேன் எடுப்பாள், பிணத்துக்குத் துணி கட்டுவாள். காண்டிராக்டில் சேர்ந்து காண்டிராக்டிலேயே வெளியே வந்தாள். இருபது வருசத்தில் அவளை 'ஏய்' என்று கூப்பிட்ட டாக்டர்கள் குறைவு, ஏனென்றால் டாக்டர்கள் அவளைக் கூப்பிட்டதே இல்லை. 'ஏய்' என்றவர்கள் நர்சுகள்தான். நர்சுகள் குடிக்கிற தம்ளர் வேறு, ஆயாக்கள் குடிக்கிற தம்ளர் வேறு. நம்ம சனங்களிலிருந்து போன நர்சும் அந்தத் தம்ளரைப் பிரித்துத்தான் வைத்தார். தலைமை தலைமை என்று பேசும்போது இதையும் பேசாவிட்டால், டாக்டர் நாற்காலியில் நர்சை உட்கார வைப்பதோடு கதை முடிந்துவிடும்.

நைனாவுக்குக் கடைசியில் பேச்சு வரவில்லை. வாய் இல்லையே. டூட்டி முடிந்து ராத்திரி சின்னம்மா வந்து கட்டிலடியில் படுத்துக்கொள்வாள். மூணாவது நாளோ நாலாவது நாளோ அந்தச் சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "மாமா கால் கட்டவெரல மடக்கறாரு பாருங்கம்மா. மடக்கினா இன்னும் கொஞ்ச நேரத்துல வலி வந்துடும்." வேறு ஒருத்தராக இருந்திருந்தால் போ போ என்றிருப்பார். சிஸ்டர் நின்றார், காலைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தது அப்போதுதான். அந்தக் குறிப்பின் முதல் வரி எங்க சின்னம்மா சொல்ல, சிஸ்டர் எழுதினது. சின்னம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

போன மாசம் காலனியில் ஒரு பாட்டிக்கு மார்பில் புற்று, கடைசி நிலை. வட்டாரத்து நர்ஸ் வந்தார், சின்ன வயசுப் பெண். பாயில் உட்கார்ந்து, கையுறை போட்டு, புண்ணைக் கழுவிக் கட்டினார். பிறகு பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்து, வலி எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டார். பாட்டியின் மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை, வேலைக்குப் போய்விட்டு வருகிறவள். சின்னம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். "விடியக்காத்தால ஒருக்கா வருது. அப்புறம் வெயில் ஏறினா. ராத்திரி ரெண்டாம் ஆட்டம் விடற நேரத்துக்கு வந்தா விடியிற வரைக்கும் நிக்குது" என்றாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மருந்தைக் கூட்டவேண்டும், டாக்டரைக் கேட்கவேண்டும் என்றார். வீட்டுக்குள் செல்போன் எடுக்கவில்லை. சிக்னலுக்காக ஏரிக்கரை வரைக்கும் நடந்து போனார். சின்னம்மாவும் கூடப் போனாள், டாக்டர் ஏதாவது கேட்டால் சொல்வதற்கு.